அப்பாவின் மருந்துப் பை

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தொண்டைப் புற்றுநோயில் இருந்த அப்பா இரண்டு மாதத்துக்கு முன் காலமானார். சர்க்கரை, பிரஷர், மூச்சிரைப்பு எல்லாம் அவருக்கு முன்பிருந்தே உண்டு. அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு பை நிறைய மருந்து கிடக்கிறது. மார்பின் மாத்திரை, வலிக்காக நெஞ்சில் ஒட்டும் பேட்ச் இரண்டு, இன்சுலின் பேனா, அதன் ஊசிகள், இன்ஹேலர், பாதி டானிக், டைக்ளோஃபெனாக் ஊசி மருந்து நான்கு, இன்னும் பெயர் தெரியாத மாத்திரைகள். ஓடையில் விட்டுவிடு என்கிறார் அம்மா. குப்பையோடு கொளுத்திவிடலாம் என்கிறான் தம்பி. சர்க்கரை மாத்திரையைத் தனக்குத் தரச் சொல்கிறார் அத்தை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மாட்டுக்குக் கால் வீங்கியிருக்கிறது, அந்த வலி ஊசியைக் கொடுங்கள் என்கிறார். மருந்துக் கடையில் திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் என் மூன்று வயது மகன் இருக்கிறான். என்ன செய்வது ஐயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பை இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறதென்றால், மேலே படிக்கும் முன் அதை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு மாத்திரையும் மிட்டாயும் ஒன்றுதான். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்று உள்ளே போனாலே அந்த வயதில் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். அது உடனே தெரியாமலும் போகலாம். சில மணி நேரம் கழித்துப் பிள்ளை துவண்டு கிடக்கும்போதுதான் வீட்டில் கண்டுபிடிப்பார்கள். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று விரலை விடாதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

சரி, இப்போது பையைப் பிரிப்போம்.

எனக்கு அதிகக் கவலை தருவது அந்த இரண்டு பேட்ச். பெயரை நீங்கள் எழுதவில்லை. புற்றுநோய் வலிக்கு ஒட்டியது என்றால் ஃபென்டனில் அல்லது பியூப்ரெனார்ஃபின் ஆகத்தான் இருக்கும். ஃபென்டனில் மார்பினைவிடப் பல மடங்கு வீரியம் உள்ளது. ஒட்டி எடுத்த பழைய பேட்சிலும் கணிசமான மருந்து மிச்சம் இருக்கும். பிள்ளை அதை வாயில் வைத்தாலோ உடம்பில் ஒட்டிக்கொண்டாலோ மூச்சு அடங்கிவிடக்கூடும். அப்பா படுத்திருந்த மெத்தையின் அடியிலும் கட்டில் இடுக்கிலும் பழைய பேட்ச் எதுவும் விழுந்து கிடக்கிறதா என்று இன்றைக்கே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பேட்சையும் மார்பினையும் எந்த மருத்துவமனை கொடுத்ததோ, அங்குள்ள வலி நிவாரணப் பிரிவின் செவிலியருக்கு ஒரு போன் போடுங்கள். மார்பினுக்கு அவர்கள் தனிக் கணக்கு வைத்திருப்பார்கள். மீந்ததைக் கொண்டுவரச் சொன்னால் கொடுத்துவிட்டு, கொடுத்ததாக ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாளில் அது நடக்கவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். பேட்சின் பசைப்பக்கம் உள்ளே வரும்படி இரண்டாக மடித்து, கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள். மார்பின் மாத்திரையையும் அட்டையிலிருந்து பிரித்து அப்படியே செய்யுங்கள். மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது. ஃபென்டனில், மார்பின், டிரமடால், டபென்டடால், டயஸிபாம் உள்ளிட்ட 17 மருந்துகளுக்கு மட்டும் கழிப்பறை வழியை அது அனுமதிக்கிறது. வீட்டில் தவறிப்போய் ஓர் உயிர் போவதைவிட, தண்ணீரில் கொஞ்சம் மருந்து கலப்பது குறைந்த தீங்கு என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை நானும் ஏற்கிறேன்.

அந்தப் பட்டியலுக்கு வெளியே ஒரு மாத்திரைகூடக் கழிப்பறைக்குப் போக வேண்டாம். சமவெளி நகரத்தில் பாதாளச் சாக்கடை இருக்கும், கடைசியில் ஒரு சுத்திகரிப்பு நிலையமாவது இருக்கும். நம் மலையில் பெரும்பாலான வீடுகளுக்கு உறிஞ்சு குழிதான். உங்கள் வீட்டுக் குழியில் இறங்குவது சரிவில் கசிந்து, கீழ் வீட்டுக்காரர் குடம் வைத்துப் பிடிக்கும் ஊற்றில் போய்ச் சேரலாம்.

அம்மா சொன்ன ஓடைக்கும் இதே பதில்தான். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. அப்பாவோடு சம்பந்தப்பட்ட பொருளைக் குப்பையில் போட மனசு வரவில்லை, தண்ணீரில் விட்டால் நிம்மதி. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: கோத்தகிரியிலிருந்து வடக்கே இறங்கும் தண்ணீர் மோயாற்றுக்குப் போகிறது, தெற்கே இறங்குவது பவானிக்குப் போகிறது, இரண்டும் பவானிசாகரில் ஒன்றாகின்றன. கீழே சத்தியமங்கலமும் கோபியும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. ஆன்டிபயாடிக் மாத்திரை தண்ணீரில் கரைந்தால் அங்குள்ள கிருமிகள் அந்த மருந்தோடு பழகிவிடுகின்றன. பிறகு யாருக்கோ காய்ச்சல் வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகிறது. அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாத மருந்து. ஆன்டிபயாடிக் அட்டைகளில் அதைப் பார்க்கலாம். பெயர் தெரியாத மாத்திரைகளைப் பிரிக்கும்போது அந்தக் கோட்டையும் கவனியுங்கள்.

அடுத்து பக்கத்து வீட்டுக்காரரின் மாடு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

டைக்ளோஃபெனாக் மனிதருக்கு நல்ல வலி மருந்து. மாட்டுக்கும் வீக்கம் வடியும், பொய் இல்லை. ஆனால் ஊசி போட்ட சில நாட்களுக்குள் அந்த மாடு இறந்துபோய், உடலை வெட்டவெளியில் போட்டால், அதைத் தின்னும் பாறுகள் சிறுநீரகம் கெட்டுச் செத்துவிழுகின்றன. பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பறவை. 1990-களின் தொடக்கத்தில் இந்தியாவில் எங்கும் கூட்டம் கூட்டமாக இருந்த வெண்முதுகுப் பாறு, 2007-க்குள் நூற்றில் ஒன்றுகூட மிஞ்சாத நிலைக்கு வந்தது. காரணம் என்ன என்று பல ஆண்டுகள் யாருக்கும் புரியவில்லை. மாட்டுக்குப் போடும் இந்த வலி ஊசிதான் என்று 2004-இல் தெரியவந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை அரசு தடை செய்தது. அப்புறமும் மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். அதனால் 2015-இல் மனித மருந்தையும் 3 மில்லி கொண்ட ஒருவேளைக் குப்பியாக மட்டுமே விற்க வேண்டும் என்று ஆணை வந்தது. உங்கள் பையில் இருக்கும் நான்கும் அந்தச் சின்னக் குப்பிகளாகத்தான் இருக்கும். இதே போன்ற வலி மருந்துகளான கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டையும் 2023-இல் கால்நடைகளுக்குத் தடை செய்தார்கள். அப்பாவின் மாத்திரைகளில் அசிக்ளோஃபெனாக் இருந்தால் அதுவும் மாட்டின் பக்கம் போகக் கூடாது.

இந்தத் தடைகளெல்லாம் எங்கோ டெல்லியில் நடந்த விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னிந்தியாவில் பாறுகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் முக்கியமான இடம் நம் மோயாற்றுப் பள்ளத்தாக்குதான். ஆற்றங்கரையில் ஓங்கி நிற்கும் நீர்மத்தி மரங்களில் அவை கூடு வைக்கின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. இரை தேடிப் பல கிலோமீட்டர் பறக்கும் பறவைக்குக் கோத்தகிரி ஒன்றும் தூரம் இல்லை. நான் சின்னப் பையனாக இருந்தபோது மசினகுடிப் பக்கம் ஒரு மாடு செத்தால் வானத்தில் வட்டமிட்டு இறங்கும் பாறுகளை எண்ணி முடியாது. இன்றைக்கு ஒன்று தெரிந்தாலே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன்.

ஆகவே பக்கத்து வீட்டுக்காரரிடம் பணிவாக மறுத்துவிடுங்கள். மறுப்பதோடு நிற்காமல், கால்நடை மருந்தக மருத்துவரிடம் மாட்டைக் காட்டச் சொல்லுங்கள். வலிக்கும் வீக்கத்துக்கும் மெலாக்சிகாம் இருக்கிறது. அது பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாட்டின் கால் ஏன் வீங்கியது என்பதையும் மருத்துவர் பார்ப்பார். உங்கள் ஊசி அதைப் பார்க்காது.

தம்பிக்கு: மாத்திரை அட்டையில் இருப்பது பிவிசி பிளாஸ்டிக்கும் அலுமினியமும். வீட்டு வாசலில் போடும் தீயில் இவை சரியாக எரியாது, டையாக்சின் என்ற நச்சுப் புகைதான் வரும். மருந்துகளை எரிப்பதற்கென்றே கட்டிய உலைகளிலேயே குறைந்தது 850 டிகிரி வெப்பம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் எழுதி வைத்தது. நம் ஊரில் காலைக் குளிரில் புகை மேலே போகாமல் பள்ளத்திலேயே தங்கும் என்பது அவருக்கே தெரியும். இன்ஹேலர் தீயில் விழுந்தால் குண்டு மாதிரி வெடிக்கும். அதைத் துளைக்கவும் கூடாது.

புதைப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அடுத்து யாராவது அதைச் சொல்வார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன், இதில் என் தவறும் ஒன்று இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எஸ்டேட் மருந்தகத்தில் கம்பவுண்டராக இருந்தேன். காலாவதியான சரக்கு இரண்டு பெட்டி சேர்ந்துவிட்டது. புதைத்துவிடு என்றார்கள். பின்பக்கச் சரிவில் இடுப்பளவு குழி வெட்டி நானே நின்று புதைத்தேன். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். 2009 நவம்பர் மழையில் நீலகிரி முழுக்க மண் சரிந்ததே, அப்போது அந்தச் சரிவும் இறங்கியது. ஊசிக் குப்பிகளும் சிரப் பாட்டில்களும் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் போகும் பாதையில் வந்து கிடந்தன. கொழுந்து பறிக்கப் போன ஒரு அம்மாவின் கால் கிழிந்து ஏழு தையல் போட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று இரவு நான் தூங்கவில்லை. மலையில் மண்ணுக்குள் போட்டது மண்ணுக்குள்ளேயே இருக்கும் என்று சொல்ல முடியாது.

அத்தையிடம் சொல்வதுதான் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். உறவு, அதுவும் துக்க வீட்டில். ஆனாலும் கொடுக்காதீர்கள். ஒரே பெயரில் 1 மில்லிகிராமும் இருக்கும், 2 மில்லிகிராமும் இருக்கும். அப்பாவின் சிறுநீரகத்துக்கும் எடைக்கும் பார்த்து எழுதியது அத்தைக்குச் சரியாக இருக்குமா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது. திறக்காத இன்சுலின் இருந்தாலும் அப்படித்தான். அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்திருக்க வேண்டும். நம் ஊர்க் குளிருக்கு ஃபிரிட்ஜ் எதற்கு என்று ஜன்னலோரம் வைத்திருப்பவர்கள் நிறைய. வெயில் அடிக்கும் மதியத்தில் அந்த ஜன்னல் என்ன சூடு ஏறும் என்று தொட்டுப் பாருங்கள், தெரியும். அத்தைக்குக் காசு கஷ்டம் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயரைப் பதிவு செய்து கொடுங்கள். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை இலவசமாக வீட்டுக்கே வரும். அப்பாவின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால், அவர் காலமானதை அந்தப் பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மாதாமாதம் மாத்திரை வந்து பை இன்னும் நிறையும்.

கடைக்காரர் மீது வருத்தம் வேண்டாம். தன் கடையில் காலாவதியானதை அவர் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதித் தனியாக வைத்து, கொள்முதல் செய்த இடத்துக்குத் திருப்புவார். உங்கள் வீட்டிலிருந்து வருவது எந்தப் பில்லில் வந்தது, எப்படி வைக்கப்பட்டது என்று அவருக்குத் தெரியாது. திரும்பி வந்த மருந்து மறுபடி விற்பனைக்குப் போய்விடக் கூடாது என்பதும் முக்கியம். 2010-இல் சென்னையில் காலாவதி மருந்துகளுக்குப் புதுத் தேதி போட்டு விற்ற கும்பல் ஒன்று பிடிபட்டது உங்களுக்கு நினைவிருக்கலாம். அதனால்தான் அட்டையைக் கத்தரித்துவிட்டுப் போடுங்கள், பாட்டில் லேபிளைக் கிழித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மீதி இருப்பதை என்னதான் செய்வது? முதலில், அப்பாவைப் பார்த்த மருத்துவமனையில் கேளுங்கள். மருத்துவமனைக் கழிவில் காலாவதி மருந்துக்கென்று மஞ்சள் பை உண்டு, அது எரியூட்டும் நிலையத்துக்குப் போகும். உங்கள் பையையும் அதில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று செவிலியரிடமோ மருந்தாளுநரிடமோ நேரில் கேட்டால் சில இடங்களில் மனிதாபிமானத்தோடு ஒத்துக்கொள்கிறார்கள். புற்றுநோய்க்கென்று கொடுத்த மாத்திரை ஏதாவது இருந்தால் அது அங்குதான் போக வேண்டும். வெறும் கையால் தொடாதீர்கள், வேறு எதோடும் கலக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் குப்பிகளும் இன்சுலினும் இன்ஹேலரும் அங்கே போவதுதான் நல்லது.

அங்கே எடுக்கவில்லை என்றால், சாதாரண மாத்திரைகளுக்கும் டானிக்குக்கும் ஒரு வழி இருக்கிறது. இது இரண்டாம்பட்சம்தான், இருந்தாலும் ஓடையையும் தீயையும்விட நல்லது. நம் வீடுகளில் டீத்தூள் சக்கைக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று நாள் சக்கையைச் சேர்த்து, கொஞ்சம் மண்ணையும் போட்டு, இறுக்கமான மூடியுள்ள ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டுங்கள். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து அதில் போடுங்கள். பொடிக்க வேண்டாம், பொடித்தால் தூள் உங்கள் மூக்கில்தான் போகும். டானிக்கையும் அதிலேயே ஊற்றிக் கிளறி, மூடி, டேப் சுற்றுங்கள். யாரும் எடுத்துத் தின்ன முடியாத, திரும்ப விற்க முடியாத பொருளாகிவிடும். ‘காலாவதி மருந்து’ என்று மேலே எழுதி, குப்பை வாங்க வரும் தூய்மைப் பணியாளர் கையில் நேராகக் கொடுத்துச் சொல்லுங்கள். தெருமுனைத் தொட்டியில் வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். ராத்திரி கரடி வரும் ஊர் உங்களுடையது. டானிக்கின் இனிப்பு வாசனை அதற்குப் போதும். விடிந்தால் குரங்கு, காட்டெருமை.

ஊசிகளைத் தனியாக எழுதுகிறேன், தயவுசெய்து இதில் அலட்சியம் வேண்டாம். பேனா ஊசியோ சிரிஞ்சோ, துணி சோப்பு திரவம் வரும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் முனை கீழே போகும்படி போட்டு, மூடியை இறுக்கித் திருகி, ‘ஊசி’ என்று பெரிதாக எழுதுங்கள். பாட்டில் முக்கால் நிறைந்ததும் மருத்துவமனையில் கொடுங்கள். ஊசியைக் குப்பையில் கலந்தால் அதைப் பிரிப்பவர் கையில்தான் குத்தும். ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி எல்லாம் அப்படித்தான் வரக்கூடும். வீட்டில் யாருக்கும் அந்த நோய் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். குத்து வாங்கிய பெண்ணுக்குத் தெரியாது. மாதக்கணக்கில் ரத்தப் பரிசோதனைக்கு அலைந்துகொண்டு, பயத்தோடு அவர் இருக்க வேண்டும்.

ஒரு வீட்டின் பையை இப்படித் தீர்த்துவிடலாம். உங்கள் கிராமத்தில் எத்தனை வீடு இருக்கிறது? எல்லாக் கட்டிலுக்கு அடியிலும் ஒரு பை இருக்கும். 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் காலாவதி மருந்தையும் வீட்டு ஊசியையும் வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே சேர்த்தன. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்று அதை ஒப்படைக்கும் மையம் நகரங்களில் வேண்டும் என்றும் சொல்லின. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே முன்நின்று, 2025-இல் கோழிக்கோடு மாநகராட்சியிலும் உள்ளியேரி ஊராட்சியிலும் வீட்டு மருந்துகளைச் சேகரிக்கத் தொடங்கியிருக்கிறது.

நம்மாலும் முடியும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. உடைந்த மதுப் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் வரை போய், 2022-இல் நீலகிரியில்தான் காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற முறை வந்தது. இன்றைக்குக் காலிப் பாட்டிலைப் பார்த்தால் யாரும் விட்டுவைப்பதில்லை. குடித்த பாட்டிலைத் திருப்பி வாங்க ஓர் ஏற்பாடு இருக்கும் மலையில், குடிக்காத மருந்தைத் திருப்பி வாங்க ஒரு பெட்டி வைக்க முடியாதா? ஆரம்ப சுகாதார நிலைய வாசலில், பூட்டுப் போட்ட, கை உள்ளே நுழையாத ஒரு பெட்டி. மாதம் ஒரு முறை மருத்துவமனைக் கழிவு வண்டியில் ஏற்றி அனுப்பினால் போதும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் நீங்கள் எழுந்து கேளுங்கள், தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் கிராம சுகாதார செவிலியரை உடன் அழைத்துப் போங்கள். குப்பையில் கிடந்து கையில் குத்தும் ஊசிகளைப் பற்றி என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பையைக் காலி செய்யும்போது அதில் இருக்கும் மருந்துச் சீட்டுகளையும் கடைசி மருத்துவ அறிக்கையையும் மட்டும் எறிந்துவிடாதீர்கள். ஒரு கவரில் போட்டு வையுங்கள். தாத்தாவுக்கு எந்த வயதில் சர்க்கரை வந்தது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று உங்கள் மகனை ஒருநாள் எந்த மருத்துவராவது கேட்பார்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர், குன்னூர்